1966 எஃப்-100 பிக்கப்பைத் தாழ்த்த, முன் சஸ்பென்ஷனையே மாற்றிவிடலாமா?

நீலப்பெட்டி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1966ஆம் ஆண்டின் ஃபோர்டு எஃப்-100 பிக்கப் ஒன்று இருக்கிறது. 115 அங்குல வீல்பேஸ் கொண்ட குட்டைப்பெட்டி வண்டி, 352 கன அங்குல வி8 இன்ஜின், நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக், முன்பக்கம் அந்தக் காலத்து ட்வின் ஐ-பீம் சஸ்பென்ஷன். எனக்கு முன் இந்த வண்டியை வைத்திருந்தவர், முன்பக்கம் தாழ்ந்து தெரிய வேண்டும் என்பதற்காகக் காயில் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்து எடுத்திருக்கிறார். அதன் விளைவாக முன்சக்கரங்கள் இரண்டும் மேற்புறம் உள்வாங்கிச் சாய்ந்து நிற்கின்றன. போன ஆண்டு போட்ட புது டயர்களின் உள்விளிம்பில் இப்போது கம்பி தெரிகிறது, வெளிவிளிம்பிலோ வார்ப்பு முடிகள்கூட இன்னும் உதிரவில்லை.

விபத்தில் பின்பக்கம் நொறுங்கிய 2008 ஃபோர்டு கிரவுன் விக்டோரியா கார் ஒன்றிலிருந்து முன் சஸ்பென்ஷன் முழுவதும், சக்கரத்தைத் தாங்கும் கைகளான கன்ட்ரோல் ஆர்ம், சக்கரங்களைத் திருப்பும் பற்சட்டமான ஸ்டியரிங் ராக், பிரேக் கேலிப்பர் உட்பட ஒரே தொகுதியாக எனக்குக் கிடைத்திருக்கிறது. இதைப் பொருத்தினால் வண்டி தாழ்வதோடு ஸ்டியரிங்கும் பிரேக்கும் நவீனமாகிவிடும் என்று கேள்விப்பட்டேன். வெல்டிங் எனக்குத் தெரியும், ஆனால் சேஸிஸை இதற்கு முன் வெட்டியதில்லை. இந்த மாற்றத்தைச் செய்வது முறைதானா, அல்லது இதைவிட எளிய வழியில் அதே உயரத்தை அடைய முடியுமா என்பதைச் செய்து பார்த்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தூக்குக்குண்டு (மறுமொழி)

முதலில் உங்கள் டயர் ஏன் அப்படித் தேய்ந்தது என்பதைப் புரிந்துகொண்டால், பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். 1965இல் ஃபோர்டு தன் பிக்கப்களில் கொண்டுவந்த ட்வின் ஐ-பீம் அமைப்பில், இடச்சக்கரத்தைத் தாங்கும் பீம் வண்டியின் வலப்பக்கத்திலும், வலச்சக்கரத்தைத் தாங்கும் பீம் இடப்பக்கத்திலும் கீல்போல் மாட்டப்பட்டிருக்கும். ஆகவே சக்கரம் நேராக மேலேறி இறங்குவதில்லை. எதிர்ப்பக்கக் கீலை மையமாக வைத்து ஒரு வில்லில் நகர்கிறது. கீலிலிருந்து சக்கரம் வரையுள்ள தூரத்தை மூன்றடிக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொண்டால், ஸ்பிரிங்கைக் குறுக்கி வண்டியைத் தாழ்த்தும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஏறக்குறைய ஒன்றரை டிகிரி கேம்பர், அதாவது சக்கரம் மேற்புறம் உள்ளே சாயும் கோணம், கூடுகிறது. இரண்டு அங்குலம் தாழ்த்தினாலே மூன்று டிகிரி! எந்தப் பட்டறையில் அலைன்மென்ட் பார்த்தாலும் இதைச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் இது சரிப்படுத்தும் திருகுகளின் கோளாறு அன்று, பீம் நிற்கும் கோணத்தின் கோளாறு.

இதற்கென்றே, கிங்பின் (சக்கரம் இடவலமாகத் திரும்புவதற்கான அச்சாணி) உட்காரும் முனை மேலே உயர்த்தி வார்க்கப்பட்ட தாழ்வுப் பீம்கள் இருக்கின்றன. அவற்றை மாட்டினால் பீமின் கோணம் தொழிற்சாலையில் இருந்தபடியே இருக்க, வண்டி மட்டும் இரண்டு மூன்று அங்குலம் கீழிறங்கும். கிங்பின், புஷ், ரேடியஸ் ஆர்ம் ரப்பர் ஆகியவற்றையும் அதே சமயம் புதிதாக்கிவிட்டால், இரண்டு நாள் வேலையில் வண்டி நேராக ஓடத் தொடங்கிவிடும். சேஸிஸில் ஒரு கீறல்கூட விழாது.

எனவே உயரம் மட்டுமே உங்கள் நோக்கம் என்றால், கிரவுன் விக்டோரியா தொகுதி உங்களுக்குத் தேவையில்லை என்பதே என் கருத்து. ராக் அண்ட் பினியன் ஸ்டியரிங்கும் டிஸ்க் பிரேக்கும் வேண்டும் என்பதுதான் உண்மையான ஆசை என்றால், அது வேறு கணக்கு. வண்டி எவ்வளவு தாழும் என்பதை அந்தத் தொகுதி தீர்மானிப்பதில்லை, அதைச் சேஸிஸில் எவ்வளவு மேலே ஏற்றிப் பொருத்துகிறீர்கள் என்பதே தீர்மானிக்கிறது. இந்த வேறுபாடு புரியாமல் கிரைண்டரைக் கையில் எடுத்தவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன்.

நெடுஞ்சட்டம் (மறுமொழி)

மேலே சொன்னதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் நான் இந்த மாற்றத்தை இதே தலைமுறை எஃப்-100 ஒன்றில் செய்து, அதை நாள்தோறும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதால், செய்வது என்று நீங்கள் முடிவெடுத்தால் தெரிந்திருக்க வேண்டியவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உங்களுக்குக் கிடைத்திருப்பது சரியான ஆண்டின் தொகுதி. 2003 முதல் 2011 வரை வந்த கிரவுன் விக்டோரியா, அதே காலத்து மெர்க்குரி கிராண்ட் மார்க்விஸ், லிங்கன் டவுன் கார் ஆகிய மூன்றிலும் முன்பக்கம் அலுமினியத்தால் ஆன ஒரு கிராஸ் மெம்பரின் (குறுக்குச்சட்டத்தின்) மேல் கன்ட்ரோல் ஆர்ம்களும் ராக்கும் முழுமையாக அமர்ந்திருக்கும். அதனால்தான் போல்ட்டுகளைக் கழற்றியவுடன் அது ஒரே துண்டாகக் கைக்கு வருகிறது. 2002 வரையிலான கார்களில் இந்த வசதி கிடையாது, ஸ்டியரிங்கும் பழைய பெட்டி வகைதான். இப்படி முழுத் தொகுதியாக வருவதில் உள்ள பெரிய நன்மை என்னவென்றால், ராக்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டை ராடும் கன்ட்ரோல் ஆர்மும் ஒன்றுக்கொன்று இருக்க வேண்டிய இடத்தில் தொழிற்சாலையிலேயே அமைந்துவிட்டிருக்கும். மேடுபள்ளத்தில் சக்கரம் தானாகத் திரும்பும் பம்ப் ஸ்டியர் தொல்லை இதில் எழாது. இடம் போதவில்லை என்று ராக்கை அரை அங்குலம் தள்ளி வைத்தாலும் அந்த நன்மை போய்விடும் என்பதால், அதை மட்டும் தொடவே தொடாதீர்கள்.

இப்போது அளவுகளுக்கு வருவோம். எதையும் கழற்றுவதற்கு முன், பழைய சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து தூக்குக்குண்டை இறக்கித் தரையில் குறியிடுங்கள். அதன் பிறகு கேபின் சேஸிஸில் அமரும் போல்ட்டிலிருந்தும் ஒரு தூக்குக்குண்டை இறக்கி, இரண்டு குறிகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை இருபுறமும் எழுதி வையுங்கள். நான் சுண்ணக்கட்டியால் போட்ட குறி மறுநாள் காலணியில் ஒட்டிக்கொண்டு போய்விட்டது. ஆணி முனையால் தரையில் கீறிய குறி மட்டுமே கடைசிவரை நின்றது. புதிய தொகுதியை ஏற்றிய பின் மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும், அதாவது இடது முன்மையத்திலிருந்து வலது பின்மையத்துக்கும், வலது முன்மையத்திலிருந்து இடது பின்மையத்துக்கும் உள்ள தூரம் ஒன்றுக்கொன்று மூன்று மில்லிமீட்டருக்கு மேல் மாறக்கூடாது.

அடுத்தது, பலரும் சறுக்கும் இடம். தொகுதியைச் சேஸிஸுக்கு இணையாகப் பொருத்தினால் போதும் என்று நினைப்போம், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வண்டி இறுதியில் மூக்கு தாழ்ந்து, பின்பக்கம் சற்று உயர்ந்து நிற்கப் போகிறது அல்லவா? 115 அங்குல வீல்பேஸில் முன்பக்கம் பின்பக்கத்தைவிட இரண்டு அங்குலம் கூடுதலாகத் தாழ்ந்தால், சேஸிஸ் ஒரு டிகிரி முன்னோக்கிச் சாய்கிறது. அதோடு காஸ்டரும், அதாவது சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணமும், ஒரு டிகிரி குறைகிறது. பவர் ஸ்டியரிங் உள்ள வண்டிக்கு மூன்று முதல் ஐந்து டிகிரி வரை நேர்க்காஸ்டர் இருந்தால்தான் நெடுஞ்சாலையில் கையை எடுத்தாலும் நேராகப் போகும். அதில் ஒரு டிகிரியை இழப்பது சிறிய செய்தி அன்று. ஆகவே வண்டியை அதன் இறுதி உயரத்தில், இறுதிச் சாய்வில் ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்திவிட்டு, கிராஸ் மெம்பரை ரசமட்டம் வைத்துத் தரைக்கு இணையாகப் பொருத்துங்கள். அப்படி நிறுத்தும்போது டயர் பாரத்தில் நசுங்குவதையும் கணக்கில் கொள்ளுங்கள். 26 அங்குல விட்டமுள்ள டயரின் நடுப்புள்ளி, பாரம் ஏறிய நிலையில் தரையிலிருந்து 13 அங்குலத்தில் இருக்காது, ஏறக்குறைய பன்னிரண்டரையில்தான் இருக்கும்.

அலுமினியத்தை இரும்போடு வெல்டிங் செய்ய முடியாது. கனமான இரும்புத் தகடுகளை வெட்டி, சேஸிஸின் நெடுஞ்சட்டங்களில் வெல்டிங் செய்து, அந்தத் தகடுகளில்தான் கிராஸ் மெம்பரைப் போல்ட் போட வேண்டும். உங்கள் நெடுஞ்சட்டம் ஒருபுறம் திறந்த ‘ப’ வடிவில் இருப்பதால், போல்ட்டுகள் வரும் பகுதி முழுவதையும் தகடு வைத்து மூடிப் பெட்டியாக்குங்கள், போல்ட் துளைக்குள் இரும்புக்குழாய்த் துண்டையும் வையுங்கள். இல்லாவிட்டால் போல்ட்டை முறுக்கும்போது சட்டம் உள்ளே நெளிந்துவிடும். இரண்டு உலோகங்களும் நேரடியாகத் தொட்டுக்கொண்டு ஈரம்பட்டால் அலுமினியம் அரிக்கத் தொடங்கும் என்பதால், இடையில் நல்ல தடிப்பாகப் பெயின்ட் பூசிவிடுவது நல்லது.

கடைசியாக, எனக்கு நேர்ந்த சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் 352, ஃபோர்டின் எஃப்இ என்ற வி8 குடும்பத்து இன்ஜின், என்னுடையதும் அந்தக் குடும்பம்தான். அதன் ஆயில் பேனில் எண்ணெய் தேங்கும் பள்ளம் முன்பக்கம் இருக்கிறது, கிரவுன் விக்டோரியாவின் கிராஸ் மெம்பரும் சரியாக அந்த இடத்தில்தான் வருகிறது. நான் இதைக் கண்ணால் பார்த்து, ஒரு விரல் இடைவெளி இருக்கிறது, போதும் என்று நினைத்தேன். இன்ஜின் மவுண்டின் ரப்பர் பாரத்தில் அமுங்கும் என்பது நினைவுக்கு வரவில்லை. முதல் வேகத்தடையிலேயே பேன் நசுங்கி, எண்ணெய் உறிஞ்சும் குழாயின் வாயை அடைத்துக்கொண்டது. நல்லவேளையாக ஆயில் விளக்கு எரிந்த அதே நொடியில் இன்ஜினை நிறுத்தினேன். நான்கு சக்கர இயக்கம் கொண்ட பழைய ஃபோர்டு ட்ரக்குகளில் இதே குடும்பத்து இன்ஜினுக்குப் பள்ளம் பின்பக்கம் உள்ள பேன் வந்திருக்கிறது. அதையும் அதற்குரிய உறிஞ்சுகுழாயையும் சேர்த்து வாங்கி மாட்டிய பிறகே வண்டி அமைதியடைந்தது.

நீலப்பெட்டி

இருவருக்கும் மிக்க நன்றி. இன்று காலை இன்ஜினுக்கு அடியில் படுத்துப் பார்த்தேன், பள்ளம் முன்பக்கம்தான் இருக்கிறது. இன்னும் மூன்று ஐயங்கள் எழுகின்றன. பழைய குறுக்குச்சட்டத்தை வெட்டினால் இன்ஜினை எது தாங்கும்? என் வண்டியின் 15 அங்குலச் சக்கரங்களை அப்படியே வைத்துக்கொள்ள முடியுமா? பிரேக் மாஸ்டர் சிலிண்டரை மாற்றத்தான் வேண்டுமா?

நெடுஞ்சட்டம்

பழைய குறுக்குச்சட்டம் பீம்களுக்கும் இன்ஜினுக்கும் சேர்த்தே தோள் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டால் இன்ஜினுக்குப் புதிய மவுண்ட் தாங்கிகளை நெடுஞ்சட்டத்தில் நீங்களே செய்து வெல்டிங் செய்ய வேண்டும். வெட்டுவதற்கு முன் இன்ஜினை மேலிருந்து சங்கிலியில் தொங்கவிடுங்கள். இரண்டு நெடுஞ்சட்டங்களுக்கும் குறுக்கே தற்காலிகமாக ஒரு இரும்புக்குழாயையும் வெல்டிங் செய்துவிடுங்கள். அப்படிச் செய்யாமல் வெட்டினால், வெட்டிய நொடியில் சட்டங்கள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விலகுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இன்ஜினை இறக்கும்போது பேனுக்கும் கிராஸ் மெம்பருக்கும் நடுவில் ஒரு களிமண் உருண்டையை வைத்து, முழு எடையையும் ஏற்றி, பிறகு தூக்கி, அந்த உருண்டை எவ்வளவு தட்டையாகியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். கண்ணளவை நம்பி நான் பட்டது போதும். முக்கால் அங்குலத்துக்குக் குறைந்தால் நான் வண்டியை வெளியே எடுக்க மாட்டேன்.

சக்கரங்களைப் பொறுத்தவரை, இல்லை என்பதே விடை. உங்கள் எஃப்-100இன் சக்கரத்தில் ஐந்து போல்ட்டுகள் 5½ அங்குல வட்டத்தில் இருக்கின்றன, கிரவுன் விக்டோரியாவில் சக்கரத்தை மாட்டும் ஹப்பிலோ 4½ அங்குல வட்டம். துளையை மாற்றினாலும் 15 அங்குல வளையம் பெரிய கேலிப்பரில் முட்டும், 16 அல்லது 17 அங்குலம்தான் வேண்டும். அதைவிட முக்கியமாக, இந்தத் தொகுதி அகலமானது. ஹப்பின் முகம் வெளியே தள்ளி இருப்பதால், அந்த கார்களின் சக்கரங்களைப் போல நடுத்தகடு வெளிப்பக்கத்தை ஒட்டி இருக்கும், அதாவது நேர் ஆஃப்செட் அதிகமுள்ள சக்கரங்கள் மட்டுமே மட்கார்டுக்குள் அடங்கும். பழைய பாணியில் குழிந்த அழகுச் சக்கரங்களைப் போட நினைத்தீர்களானால், டயர் இருபுறமும் மட்கார்டைத் தாண்டி எட்டிப்பார்க்கும். முன்பக்கம் ஒரு போல்ட் வட்டமும் பின்பக்கம் இன்னொன்றும் இருந்தால் ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் உதவாது என்பதால், பெரும்பாலோர் பின் ஆக்சிலையும் மாற்றிவிடுகிறார்கள். அதே கார்களின் பின் ஆக்சிலில் உள்ள தாங்கிகளை அறுத்துவிட்டுப் பட்டை ஸ்பிரிங்குக்கான இருக்கைகளை வெல்டிங் செய்து பயன்படுத்தலாம்.

பிரேக்கைத் தூக்குக்குண்டு என்னைவிட நன்றாக விளக்குவார்.

தூக்குக்குண்டு

மாஸ்டர் சிலிண்டரைக் கட்டாயம் மாற்ற வேண்டும். 1966 வரை இந்த பிக்கப்களில் ஒரே அறை கொண்ட மாஸ்டர் சிலிண்டர்தான் வந்தது, இரட்டை அறை 1967இல்தான் வந்தது. ஒரே அறையில் எங்காவது ஒரு குழாய் கசிந்தால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். இது சஸ்பென்ஷனை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் செய்ய வேண்டிய வேலை என்பேன்.

முன்பக்கம் டிஸ்க், பின்பக்கம் டிரம் என்று வரும்போது டிஸ்க்குக்குக் கூடுதல் எண்ணெய் தேவைப்படுவதால், டிஸ்க்குக்கு உரிய பெரிய அறையுள்ள இரட்டை மாஸ்டர் சிலிண்டரை வாங்குங்கள். பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழலாமல் இருக்க, பின்பக்கக் குழாயில் அழுத்தத்தைக் குறைக்கும் புரப்போர்ஷனிங் வால்வு ஒன்றும் வேண்டும். பழைய டிரம் மாஸ்டர் சிலிண்டரையே வைத்து ஓட்டுகிறேன் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதன் உள்ளே டிரம்முக்காக வைத்திருக்கும் சிறு வால்வு குழாயில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தை எப்போதும் பிடித்து வைத்திருக்கும். டிஸ்க்கில் அந்த அழுத்தம் இருந்தால் பேட் விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும், பத்து நிமிட ஓட்டத்தில் சக்கரத்தைத் தொட முடியாத அளவுக்குச் சூடேறிவிடும்.

குட்டைப்பெட்டி (மறுமொழி)

மஸ்டாங் II வகையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்பதற்காக எழுதுகிறேன். 1974 முதல் 1978 வரை வந்த அந்தச் சிறிய காரின் அமைப்பை அடியொற்றிப் பலரும் இரும்பில் கிராஸ் மெம்பர் செய்து விற்கிறார்கள். அது இரும்பு என்பதால் நேரடியாக வெல்டிங் செய்யலாம். சக்கர இடைவெளி குறுகலாகவும் கிடைப்பதால், குழிந்த பழைய பாணிச் சக்கரங்களை மட்கார்டுக்குள் அடக்கிவிடலாம். ஆனால் மூலக் காரின் பிரேக் டிஸ்க் ஒன்பதே கால் அங்குல அளவுக்குத்தான் இருந்தது என்பதால், எஃப்இ போன்ற கனமான இரும்பு இன்ஜினை வைத்துக்கொண்டு அந்தச் சிறிய பிரேக்கோடு ஓட்டுவது எனக்கு உடன்பாடில்லை. 11 அங்குல டிஸ்க் உள்ள வகையையே தேட வேண்டும். எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டியிருக்கும் என்பதும் உண்மை. கையில் ஒரு முழுத் தொகுதி கிடக்கும்போது அதை விட்டுவிடச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

ஒரே ஓர் எச்சரிக்கை. ஸ்டியரிங் தண்டை ராக்கோடு இணைக்கும்போது, எஃப்இ இன்ஜினின் இடப்பக்க எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு குறுக்கே நிற்கும். இரண்டு யு-ஜாயின்ட்டில் வழி கிடைத்தால் நல்லது, ஒவ்வொன்றின் கோணமும் 30 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது ஜாயின்ட் தேவைப்பட்டால் இடையில் தண்டைத் தாங்கும் பேரிங் ஒன்றை நெடுஞ்சட்டத்தில் கட்டாயம் பொருத்துங்கள், இல்லாவிட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தண்டு சவுக்குக் கம்புபோல் வளைந்தாடும். அதோடு, தாழ்ந்த வண்டியில் சக்கர வளையத்தின் கீழ்விளிம்பைவிடக் கீழே எந்தப் பாகமும் தொங்கக்கூடாது. டயர் ஒன்று வெடித்தால் அந்தப் பாகம்தான் முதலில் தரையைத் தொடும்.

நீலப்பெட்டி

விளக்கமாக எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்று முழுவதும் அளந்து பார்த்தேன். மட்கார்டின் உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு உள்ள தூரத்தையும், தொகுதியில் ஹப் முகத்திலிருந்து ஹப் முகத்துக்கு உள்ள தூரத்தையும் அளந்து கழித்தால், அதே காரின் 17 அங்குலச் சக்கரங்களோடு இருபுறமும் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் இடம் மிஞ்சுகிறது, எனக்கு அது போதும்.

ஆனால் வரிசையை மாற்றிக்கொண்டேன். இரட்டை மாஸ்டர் சிலிண்டரை இந்த வாரமே போட்டுவிட்டு, அறுத்த ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, பழைய உயரத்துக்கான ஸ்பிரிங்குகளோடு வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கப் போகிறேன். பின்பள்ளம் உள்ள ஆயில் பேனும், அதன் உறிஞ்சுகுழாயும், பின் ஆக்சிலும் கைக்கு வந்து சேரும்வரை சேஸிஸில் கிரைண்டரை வைக்கப்போவதில்லை. தொகுதியைக் கழுவித் துடைத்து ஒரு மூலையில் வைத்திருக்கிறேன். அதன் வலப்பக்கக் கீழ் பால் ஜாயின்ட்டில் ஆட்டம் இருப்பதை இன்று கையால் அசைத்துப் பார்த்தபோது கண்டேன், அதையும் இப்போதே மாற்றிவிடுகிறேன்.